வழக்கறிஞர் கணேஷும் மூடுபனிப் பேயும்



பாடப் புத்தகத்துக்குள் துப்பறியும் நாவலை மறைத்து வைத்துப் படித்து, வீட்டில் பெரியவர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம். பெரியவர்களிலும் பலர் அந்த வயதில் அதைச் செய்தவர்கள்தாம்.

பாட நேரத்தில் கதை படிப்பது சரியல்ல. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் நல்ல துப்பறியும் கதைக்கும் உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆய்வுக்கூடத்தில் நாம் என்ன செய்கிறோம்? பார்க்கிறோம், அளக்கிறோம், குறித்துக்கொள்கிறோம், காரணம் இதுவாக இருக்கலாம் என்று ஊகிக்கிறோம், ஊகம் சரிதானா என்று சோதிக்கிறோம். துப்பறிவாளர் செய்வதும் இதுவே. தமிழில் இந்த உறவை எல்லோரையும்விடத் தெளிவாகக் காட்டியவர் ஒரு மின்னணுப் பொறியாளர். அவரைப் பற்றியும், அவர் காட்டிய ஒரு பேயைப் பற்றியும், நம் பழனி மலையில் உலாவும் இன்னொரு பேயைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம். நடுவில் உங்களுக்கு ஒரு புதிரும் உண்டு.

புதிர்க்கதையின் சட்டங்கள்

துப்பறியும் கதைகளில் பல வகை உண்டு. துப்பாக்கியும் துரத்தலுமாகப் போவது ஒரு வகை. மற்றொன்று புதிர்க்கதை. இதில் கதாசிரியருக்கும் வாசகருக்கும் இடையே சதுரங்கம் போல் ஓர் ஆட்டம் நடக்கிறது. குற்றவாளியைக் கண்டுபிடிக்கத் தேவையான தடயங்கள் அனைத்தும் வாசகரின் கண்முன்னே வைக்கப்படும். கடைசி அத்தியாயத்துக்கு முன் அவற்றை ஒழுங்காகக் கோத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஆசிரியர் வென்றார்!

ஆட்டம் என்றால் விதிகள் வேண்டுமல்லவா? இங்கிலாந்தைச் சேர்ந்த ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார், துப்பறியும் கதைகளும் எழுதியவர், 1929இல் பத்து விதிகளை வகுத்தார். அவற்றில் மூன்றை மட்டும் பார்ப்போம். பேய், பிசாசு, மந்திரம் போன்றவற்றை விடையாகச் சொல்லக்கூடாது. துப்பறிவாளர் கண்டெடுத்த தடயத்தை வாசகரிடம் மறைக்கக்கூடாது. உலகம் அறியாத நஞ்சையோ, முடிவில் நீண்ட விஞ்ஞான விளக்கம் தேவைப்படும் கருவியையோ பயன்படுத்தக்கூடாது.

முதல் இரண்டு விதிகளையும் மீண்டும் படியுங்கள். அவை விஞ்ஞானத்துக்கும் பொருந்துகின்றன அல்லவா? இயற்கைக்குள்ளேயே காரணத்தைத் தேடு. கிடைத்த அளவீடு எதையும் மறைக்காதே. மூன்றாவது விதியைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பின்னால் அதனால் ஒரு வழக்கு வரப்போகிறது.

திருவரங்கத்திலிருந்து ஒரு பொறியாளர்

தமிழில் துப்பறியும் நாவல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளைத் தழுவி நம் ஊர், நம் பெயர், நம் பேச்சு என்று மாற்றி எழுதிக் குவித்தார்கள். ‘தேவன்’ படைத்த சாம்பு சிரிக்க வைத்தான். தமிழ்வாணனின் சங்கர்லால் இளைஞர்களைக் கவர்ந்தார்.

1968இல் ‘குமுதம்’ வார இதழில் ‘நைலான் கயிறு’ என்ற தொடர்கதை வந்தது. எழுதியவர் பெயர் சுஜாதா. அவரது முதல் நாவல் அது. அதில் கணேஷ் என்ற வழக்கறிஞர் அறிமுகமானார். பின்னர் வசந்த் என்ற துடுக்கான உதவியாளர் வந்து சேர்ந்தார். ‘கணேஷ் - வசந்த்’ என்ற இந்த இணை, அடுத்த பல ஆண்டுகள் தமிழ் வாசகர்களின் வீட்டுப் பிள்ளைகளாகவே ஆகிவிட்டது.

சுஜாதாவின் இயற்பெயர் எஸ்.ரங்கராஜன். 1935ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார், திருவரங்கத்தில் வளர்ந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்று, சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்தார். ‘குமுதம்’ இதழில் ஏற்கனவே ரா.கி.ரங்கராஜன் என்ற எழுத்தாளர் இருந்தார். குழப்பம் நேராமலிருக்கத் தம் மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்டார். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்கு வகித்தார். 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் மறையும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள், இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிறுகதைகள், நாடகங்கள் ஆகியவற்றோடு, ‘ஏன்? எதற்கு? எப்படி?’, ‘தலைமைச் செயலகம்’ போன்ற அறிவியல் நூல்களையும் தந்தார். பகலில் பொறியாளர், இரவில் எழுத்தாளர்!

சுஜாதாவின் கதாநாயகர் காவல்துறை அதிகாரி அல்லர், வழக்கறிஞர். இது கவனிக்கத்தக்கது. ஒரு வழக்கறிஞருக்கு “இவன்தான் செய்திருப்பான்” என்ற உள்ளுணர்வு மட்டும் போதாது. நீதிபதியின் முன் நிற்கக்கூடிய சான்று வேண்டும். எதிர்த்தரப்பு கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அந்தச் சான்று தாக்குப்பிடிக்க வேண்டும். விஞ்ஞானியின் நிலையும் அதுதான். ஒரு கருத்தை வெளியிட்டவுடன் உலகெங்கும் உள்ள மற்ற விஞ்ஞானிகள் எதிர்த்தரப்பு வக்கீல்களாக மாறிக் குறுக்கு விசாரணை செய்வார்கள்.

ஒளியால் செய்த பேய்

1980களின் தொடக்கத்தில் சுஜாதா ‘குமுதம்’ இதழில் ‘கொலையுதிர் காலம்’ என்ற தொடரை எழுதினார். பழைய பெரிய வீடு, அங்கே ஒரு பெண் உருவம் நடமாடுவதாகப் பேச்சு, தொடர்ந்து மரணங்கள். இது விஞ்ஞானமா, பைசாசமா என்று வாரந்தோறும் வாசகர்கள் பட்டிமன்றம் நடத்தாத குறைதான். கதையின் முடிவை முழுவதும் சொல்லிவிட்டால் படிக்காதவர்களின் சுவையைக் கெடுத்தவனாவேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். பேயுருவத்துக்கு விளக்கமாக அக்கதையில் ‘ஹோலோகிராம்’ என்னும் முப்பரிமாண ஒளிப்படம் பேசப்படுகிறது. அன்று தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டது அந்தக் கதையில்தான்.

ஹோலோகிராம் என்றால் என்ன? சாதாரண ஒளிப்படத்தில் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எவ்வளவு ஒளி வந்தது என்பது மட்டுமே பதிவாகிறது. ஒளி ஓர் அலையல்லவா? அந்த அலை எந்தக் கட்டத்தில், அதாவது மேட்டிலா பள்ளத்திலா, வந்து சேர்ந்தது என்ற செய்தி தொலைந்துவிடுகிறது. அதோடு ஆழமும் தொலைந்துவிடுகிறது. இந்தத் தொலைந்த செய்தியை மீட்கும் வழியை 1947இல் கண்டவர் டென்னிஸ் கேபர். ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய பொறியாளர் அவர். இதற்காக 1971இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு குளத்தில் இரண்டு கற்களை எறியுங்கள். இரண்டு வட்ட அலைகளும் சந்திக்குமிடத்தில் மேடும் மேடும் சேர்ந்தால் பெரிய மேடு. மேடும் பள்ளமும் சேர்ந்தால் சமநிலை. இதுவே குறுக்கீட்டு விளைவு. ஹோலோகிராமில் லேசர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று பொருளின்மேல் பட்டுச் சிதறி ஒளிப்படத் தகட்டை அடைகிறது. மற்றொன்று நேராகத் தகட்டுக்கு வருகிறது. இரண்டும் அங்கே குறுக்கிட்டு மிக நுண்ணிய வரிகளை எழுதுகின்றன. பின்னர் அதே லேசர் ஒளியை அந்தத் தகட்டின்மேல் செலுத்தினால், பொருளிலிருந்து முன்பு புறப்பட்ட அலையே மறுபடி பிறக்கிறது. பொருள் அங்கே இல்லை. ஆனால் அதன் ஒளி இருக்கிறது! தலையைச் சாய்த்துப் பார்த்தால் உருவத்தின் பக்கவாட்டுத் தோற்றமும் தெரியும். 1960இல் லேசர் பிறந்த பிறகே இது நடைமுறைக்கு வந்தது.

இப்போது குறுக்கு விசாரணை தொடங்குவோம். இந்த முறையில் ஓர் இருட்டு வீட்டில் பேயை நடமாட விட முடியுமா?

முதல் கேள்வி: உயிருள்ள மனிதரைப் பதிவு செய்ய முடியுமா? ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் சுமார் 633 நானோமீட்டர். பதிவு நடக்கும்போது பொருள் இதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது சுமார் 158 நானோமீட்டர், நகர்ந்தாலும் வரிகள் கலைந்துவிடும். இது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு. மூச்சுவிடும் மனிதர் எப்படி அவ்வளவு அசையாமலிருப்பார்? வழி உண்டு. ஒரு நொடியில் ஒரு மீட்டர் வேகத்தில் கையை வீசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசர் 20 நானோநொடி மட்டும் மின்னினால் அதற்குள் கை நகரும் தூரம் 20 நானோமீட்டர்தான். ஆகவே துடிப்பு லேசரால் மனிதரைப் பதிவு செய்ய முடியும். 1960களின் பிற்பகுதியிலேயே செய்தும் காட்டினார்கள். முதல் கேள்வியில் கதை தேறிவிட்டது.

இரண்டாவது கேள்வி: உருவம் எங்கே தெரியும்? ஹோலோகிராமின் ஒளி தகட்டிலிருந்துதான் வருகிறது. ஆகவே பார்ப்பவரின் கண்ணும், உருவமும், தகடும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். தகடு ஒரு சன்னல் போல. சன்னலுக்கு வெளியே உள்ள காட்சியைச் சன்னல் வழியாகத்தானே பார்க்க முடியும்? ஓர் ஆள் உயர உருவம் தோட்டத்தில் நெடுந்தூரம் நடக்க வேண்டுமானால் அவ்வளவு பெரிய தகடு வேண்டும். அசைவைக் காட்டும் ஹோலோகிராம்கள் 1970களில் வந்தன. ஆனால் அவற்றிலும் உருவம் அதன் தகட்டின் எல்லையைத் தாண்டி வெளியே நடக்காது.

ஆகத் தீர்ப்பு என்ன? தத்துவம் சரி, திறந்தவெளியில் தாராளமாக நடக்கும் பேய்க்கு அது போதாது. இது கதையைக் குறை சொல்வதற்காகச் சொல்லப்படுவதன்று. ஒரு கதையைப் படித்துவிட்டு இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தூண்டியதே அந்த நாவலின் வெற்றி. நாக்ஸ் பாதிரியாரின் மூன்றாவது விதிப்படி பார்த்தால் சுஜாதா குற்றவாளிதான். நீண்ட விஞ்ஞான விளக்கம் தேவைப்படும் கருவி வந்துவிட்டது! ஆனால் அந்த ‘குற்றத்தால்’ ஆயிரக்கணக்கான இளைஞர்கள் லேசரைப் பற்றி அறிந்துகொள்ள நூலகம் தேடிப் போனார்கள் என்றால், தண்டனையைக் குறைத்துவிடலாம் அல்லவா?

கதை காப்பாற்றிய குழந்தை

துப்பறியும் கதையால் கிடைக்கும் அறிவு ஏட்டோடு நிற்பதில்லை. உலகப் புகழ்பெற்ற அகதா கிறிஸ்டி முதல் உலகப்போரின்போது மருத்துவமனையில் மருந்து கலக்கும் பணி செய்தவர். அறுபதுக்கும் மேற்பட்ட துப்பறியும் நாவல்கள் எழுதிய அவர், நஞ்சுகளின் குணங்களைத் துல்லியமாக அறிந்திருந்தார். 1961இல் வந்த அவருடைய நாவல் ஒன்றில் தாலியம் என்னும் உலோகத்தின் நஞ்சு வருகிறது. முடி கொட்டுவது அதன் முக்கிய அறிகுறி என்று அதில் காட்டியிருந்தார்.

1977இல் கத்தார் நாட்டிலிருந்து ஒன்றரை வயதைக் கடந்த ஒரு குழந்தையை லண்டன் மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுவந்தார்கள். நோய் என்னவென்று மருத்துவர்களுக்குப் புரியவில்லை. குழந்தையைக் கவனித்துவந்த செவிலியர் அப்போது அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். குழந்தையின் முடி கொட்டுவதைக் கண்டதும், “இது தாலியமாக இருக்கலாமோ?” என்று மருத்துவர்களிடம் கேட்டார். சோதனையில் அது உறுதியாயிற்று. குழந்தை பிழைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அகதா கிறிஸ்டி காலமாகியிருந்தார்.

இங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள். செவிலியரின் ஊகத்தை மட்டும் நம்பி மருத்துவம் தொடங்கிவிடவில்லை. ஆய்வுக்கூடம் சோதித்துச் சொன்ன பிறகே அது உண்மை ஆயிற்று. தாலியத்தைக் கண்டுபிடித்ததே ஒரு துப்பறியும் கதைதான். 1861இல் வில்லியம் குரூக்ஸ் ஒரு கழிவுப்பொருளின் நிறமாலையை ஆராய்ந்தபோது, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு பச்சை வரி தெரிந்தது. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனி வரிகள் உண்டு. நம் விரல் ரேகைபோல. புதிய ரேகை என்றால் புதிய ஆள்! இதே வித்தையைக் கொண்டுதான் நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியில் வாயுக்கள் புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டறிந்தார். நிறமாலை வரிகள் சற்றே இடம் பெயர்ந்திருந்ததே அவருக்குக் கிடைத்த தடயம்.

மலையில் உலாவும் பேய்

கொடைக்கானலுக்குப் போனவர்கள் கோக்கர்ஸ் நடைபாதையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சில வேளைகளில் ஒரு பேய் தெரியும்! முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த வெயிலும், எதிரே பள்ளத்தாக்கில் மூடுபனியும் இருந்தால் போதும். பனித்திரைமேல் ஒரு பெரிய கறுப்பு உருவம் எழும். அதன் தலையைச் சுற்றி வானவில் நிறங்களில் வளையங்கள் காணப்படும். நீங்கள் கையை உயர்த்தினால் அதுவும் உயர்த்தும்.

ஆம், அது உங்கள் நிழலே! ஜெர்மனியிலுள்ள பிராக்கன் என்ற மலையின் பெயரால் இதைப் ‘பிராக்கன் பூதம்’ என்கிறார்கள். சுவரில் விழும் நிழலுக்கு ஒரே தளம். மூடுபனியில் விழும் நிழலோ அதன் ஆழம் முழுவதும் நீண்டு கிடக்கிறது. தூரத்தை மதிப்பிட முடியாமல் கண் ஏமாந்துபோவதால் உருவம் இராட்சதனாகத் தோன்றுகிறது. தலையைச் சுற்றிய வண்ண வளையம், நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பிச் சிதறச் செய்வதால் உண்டாவது.

இந்த வளையத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. சூரியன், உங்கள் கண் இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டை எதிரே நீட்டுங்கள். அக்கோடு பனியைத் தொடும் இடமே வளையத்தின் மையம். அந்த இடத்தில்தான் உங்கள் தலையின் நிழலும் விழும். சற்றுத் தள்ளி நிற்கும் நண்பருக்கோ அவருடைய கண்ணின் வழியாக வேறொரு கோடு.

1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சியில் இத்தகைய வளையங்களைப் பார்த்து வியந்த சி.டி.ஆர்.வில்சன் என்ற இளைஞர், ஆய்வுக்கூடத்திலேயே மேகம் செய்து பார்க்கத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்ததே மேகக் கலம். கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள்களின் பாதையைக் காட்டிய அக்கருவிக்காக 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பேயைக் கண்டு ஓடாமல் நின்று பார்த்தவருக்குக் கிடைத்த பரிசு!

பாச்சலூர்ப் புதிர்

இனி உங்கள் முறை. ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக மலையேறினால் பாச்சலூர் வரும். காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் ஊர். அங்கே ஒரு காப்பித் தோட்டம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். ஆட்களும் சம்பவமும் கற்பனை. இயற்பியல் மட்டும் உண்மை.

தோட்டத்துக்குப் புதிய மேலாளர் சமவெளியிலிருந்து வந்து சேர்ந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிடங்கைத் திறந்து எண்ணினார். பதிவேட்டில், பதினைந்து நாட்களுக்கு முன் தோட்டத்திலிருந்து பறித்துவந்த மிளகு, மூட்டைக்கு 50 கிலோ வீதம் 6 மூட்டை என்று இருந்தது. அதன் பின் மிளகைக் களத்தில் பரப்பி, வெயிலில் காயவைத்து, மீண்டும் அதே எடையில் மூட்டை கட்டி அடுக்கியிருந்தார்கள். கிடங்கில் இருந்தவை 2 மூட்டைகளே. பூட்டு உடையவில்லை. “நேற்றிரவு 4 மூட்டை களவு போய்விட்டது!” என்று மேலாளர் கூச்சலிட்டார். இன்னும் இரண்டு நாளில் அமாவாசை. அன்று தோட்டத்துக்கு விடுமுறை. அதற்குள் திருடனைப் பிடித்துவிட வேண்டும் என்று மூவரை அழைத்து, இரவும் காலையும் எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று விசாரித்தார்.

மேஸ்திரி சொன்னார்: “காலை ஏழு மணிக்குக் கிடங்குக்கு மேற்கே சரிவில் நின்றேனுங்க. முதுகிலே வெயில். எதிரே இருபது கெஜத்திலே மூடுபனி. அதிலே பெரிய கறுப்பு உருவம்; தலையைச் சுற்றி வானவில் வட்டம். நான் நடந்தால் அதுவும் நடந்தது. பயந்து ஓடிவந்துட்டேன்.”

காவல்காரர் சொன்னார்: “நானும் அப்போ காவலிலேதான் இருந்தேனுங்க ஐயா. மேஸ்திரிக்குப் பத்தடி தள்ளி நின்றேன், அவர் கவனிக்கவில்லை. பனியிலே இரண்டு உருவம். மேஸ்திரி பக்கத்து உருவத்தின் தலையிலேதான் வட்டம் இருந்தது. என் பக்கத்து உருவத்துக்கு ஒன்றும் இல்லை.”

எழுத்தர் சொன்னார்: “நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நான் வந்து கிடங்கைப் பார்வையிட்டேன் சார். நல்ல நிலா வெளிச்சம். பூட்டு சரியாக இருந்தது.”

திருடியவர் யார்? கீழே படிப்பதற்கு முன் ஒரு தாளில் உங்கள் முடிவைக் காரணத்தோடு எழுதி வையுங்கள்.

விடை

மேஸ்திரி சொன்னது உண்மை. அவர் பார்த்தது தம் நிழலை.

காவல்காரர் சொன்னது பொய். அவர் அங்கே நின்றிருந்தால் வளையம் அவருடைய தலை நிழலைச் சுற்றித்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். மேஸ்திரியின் நிழலைச் சுற்றித் தெரிந்திருக்காது. மேஸ்திரி சொன்ன கதையைக் கேட்டு அவர் ஒட்டுப்போட்டிருக்கிறார்.

எழுத்தர் சொன்னதும் பொய். அமாவாசையை நெருங்கும் தேய்பிறை நிலா, சூரியனுக்குச் சற்று முன்புதான் உதிக்கும். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு நள்ளிரவில் நிலா வானத்திலேயே இல்லை!

இதுவரை சரியாகக் கண்டுபிடித்தவர்களுக்குப் பாராட்டுகள். ஆனால் உங்கள் தாளில் “திருடியவர் காவல்காரர்” என்றோ “எழுத்தர்” என்றோ எழுதியிருக்கிறீர்களா? இருவருமே பொய் சொன்னார்கள் என்பது உறுதி. பொய் சொன்னவர்தான் திருடியவர் என்பதற்கு என்ன சான்று? காவல்காரர் பொழுது விடியுமுன்பே வீட்டுக்குப் போயிருக்கலாம். எழுத்தர் இரவில் பார்வையிட வராமல் தூங்கியிருக்கலாம். வேலை போய்விடுமே என்ற பயத்தில் இருவரும் பொய் சொல்லியிருக்கலாம்.

அப்படியானால் திருடியவர் யார்? யாருமில்லை. திருட்டே நடக்கவில்லை! பறித்துவந்த பச்சை மிளகில் பெரும்பகுதி நீர். நன்றாகக் காய்ந்தால் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். 6 மூட்டை, 300 கிலோ பச்சை மிளகு. காய்ந்தபின் சுமார் 100 கிலோ, அதாவது 2 மூட்டை. கணக்கு நேராக இருக்கிறது. மீதி 200 கிலோவைத் ‘திருடிய’ ஆசாமி வானத்தில் இருக்கிறார். களத்திலிருந்த நீரை ஆவியாக்கிக் கொண்டுபோனவர் சூரியன்தான். மலையில் உள்ள எந்தத் தொழிலாளியைக் கேட்டிருந்தாலும் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். மேலாளர் மிளகைப் பற்றி யாரையும் கேட்கவில்லை, “நீ எங்கே இருந்தாய்?” என்று மட்டுமே கேட்டார்.

தடயம் எதுவும் உங்களிடம் மறைக்கப்படவில்லை. களம், வெயில், எடை எல்லாமே கண்முன் இருந்தன. ‘களவு போய்விட்டது’ என்று ஒருவர் உரக்கச் சொன்னவுடன் நாமும் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டு, யார் என்று தேடக் கிளம்பிவிட்டோம். என்ன நடந்தது என்பதை உறுதி செய்யாமல், யார் செய்தது என்று தேடக்கூடாது.

இது கதைக்கு மட்டும் உரிய பாடமன்று. மாடு இறந்தது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது என்றால், ‘சூனியம் வைத்துவிட்டார்கள்’ என்று யாரோ ஓர் ஏழைக் கிழவியின்மேல் பழி போடுவதை நம் நாட்டில் இன்னும் கேள்விப்படுகிறோம். அங்கே நடப்பதும் இதே தவறுதான். நோய்க்குக் காரணம் என்ன என்று சோதிப்பதற்கு முன்பே ஆளைத் தேடிவிடுகிறார்கள். அந்தக் கிழவி பயத்தில் ஏதாவது மாற்றிச் சொன்னால் அதுவே சான்றாகிவிடுகிறது. மிளகு மூட்டையில் பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். மனிதர் விஷயத்தில் பிழை நேர்ந்தால் அவருக்குப் போன வாழ்க்கை திரும்பி வராது.

கணேஷ் போன்ற வழக்கறிஞர் அங்கே இருந்தால் என்ன கேட்பார்? சான்று என்ன? அதற்கு வேறு விளக்கம் இருக்க முடியாதா? அதை யார் சோதித்தார்கள்? இந்த மூன்று கேள்விகளையும் உங்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மலைப்பகுதி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்த்திகை, மார்கழி மாதக் காலைகளில், பாதுகாப்பான இடத்தில், வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருவராகச் சேர்ந்து மூடுபனியைப் பாருங்கள். யாருடைய தலையைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று ஒருவரையொருவர் கேட்காமல் தனித்தனியே எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் மேலே சொன்னது சரிதானா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.